தரைத்தளத்துக்கு ஒரு விண்ணப்பம்

என் அக்காவுக்கு உட்கார்ந்தபடி யாரையும் வரவேற்கத் தெரியாது. இது நோய் இல்லை. நோய் தனியாக இருக்கிறது. சர்க்கரை அவளுடைய வலது காலில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டு, அப்படியே சிறுநீரகங்களையும் முடித்துவைத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரம் அவள் இரத்தத்தைக் கழுவித் தர வேண்டும். அந்த நிலையிலும் வாசலில் யாராவது தலையை நீட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். "வாங்க" என்பாள். அடுத்தது, "இருங்க, தண்ணி கலக்குறேன்." எங்கள் ஊரில் தண்ணி கலக்குவது என்றால் தேநீரோ கோப்பியோ போடுவது. மீட்டர் பார்க்க வந்தவராக இருந்தாலும் நாக்கை நனைக்காமல் போகக்கூடாது. ஒருமுறை தவறான வீட்டுக் கதவைத் தட்டிய கடன்வசூல்காரன்கூட எங்கள் வீட்டில் மைலோ குடித்துவிட்டுத்தான் சரியான வீட்டுக்குப் போனான்.

ஜார்ஜ் டவுனில் மாநில அரசு கட்டிய வாடகை அடுக்குமாடி ஒன்றில், பதினோராவது மாடியில் இருந்தோம். அக்காவும் நானும்தான். அவளுக்குக் கணவர் இறந்துவிட்டார். எனக்கு மனைவி இறக்கவில்லை; என் நகைச்சுவையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஈப்போவில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நியாயமான பெண். சனி ஞாயிறுகளில் நான் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து மாப்பிள்ளையைக் கேலி செய்வேன். மற்ற நாட்களில் போனில் கூப்பிட்டால் வரும் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அங்கே கேலி செய்தால் நட்சத்திரம் குறையும் என்பதால் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவேன்.

பதினோராவது மாடியிலிருந்து கடல் தெரியும். அந்தக் கடலைக் காட்டியே பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வீட்டை லட்சக்கணக்கில் விற்கிறார்கள். நாங்கள் அரசாங்கத்தின் தயவில் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே இறங்குவதில்தான் சிக்கல். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு. ஒன்று நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டது. மற்றது உயிரோடு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவைப் போல அதற்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு. பரிசோதித்தவர் போனதும் படுத்துவிடும்.

லிஃப்ட் படுத்த நாட்களில் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். முன்பக்கம் எதிர்வீட்டுச் சீன இளைஞன். தினமும் எடை தூக்குகிறவன். பின்பக்கம் நான், தினமும் ரொட்டி சானாய் தூக்குகிறவன். அக்கா நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு வருவாள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நாற்காலியில் இருந்தபடியே தலையசைப்பாள். அது மட்டும்தான் அவள் எழுந்திருக்காமல் செய்த மரியாதை. எழுந்தால் மூவரும் உருண்டிருப்போம்.

எதிர்வீட்டு இளைஞன் வேலைக்காக ஜொகூர் போனான். அதற்கடுத்த வாரமே லிஃப்ட் நின்றது. அன்று இரத்தம் கழுவப் போக வேண்டிய ஒரு முறை தவறியது. அடுத்த முறைக்கும் லிஃப்ட் சரியாகவில்லை, அதுவும் தவறியது. அக்காவின் முகம் ஊதி, படுத்தால் மூச்சு விட முடியாமல் போய், கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஏணிப்படி வழியாக ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்கவைத்த டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். அரசாங்க வீடுதானே, கீழ்வீட்டுக்கு மாற்றிக் கேளுங்கள், நான் கடிதம் தருகிறேன் என்றார். அடுத்த முறையும் இப்படி நேரத்துக்கு வந்து சேர்வீர்கள் என்று சொல்ல முடியாது என்பதையும் அதே குரலில் சொன்னார். நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று ஞாபகம் இல்லை. அவர் சிரிக்கவில்லை.

விஷயத்தை முதலில் என் பள்ளித் தோழனிடம் சொன்னேன். நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். ஊரே அவனைப் பாய் என்று கூப்பிடுகிறது, நானும்தான். அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவன் கட்சி. அவன் கஞ்சன் இல்லை. கொடுக்காத நாள் கிடையாது. உதவி என்பது ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போக வேண்டும், நடுவில் கவுன்டர் இருந்தால் கொடுக்கிறவனுக்கும் மனசு வராது, வாங்குகிறவனுக்கும் மனசு வராது என்பான். நாசி கண்டார் சோற்றுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து இதை எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். நான் அரசாங்கக் கட்சி. வரி வாங்குகிறவன் கொடுக்கவும் வேண்டும் என்பேன். "நீ எப்ப வரி கட்டின?" என்று அவன் கேட்பான். அங்கே விவாதம் முடிந்து கோழி வரும்.

அன்று அவன் விவாதிக்கவில்லை. கெலுகோரில் அவனுக்கு ஒரு தரைவீடு காலியாகக் கிடக்கிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, வாடகை என்று பேசினால் நட்பு முறிந்துவிடும் என்றான். சாவியையே எடுத்து மேசையில் வைத்தான்.

நான் சாவியோடு வீட்டுக்குப் போனேன். அக்கா அதைத் தொடவில்லை.

"கொண்டுபோய்க் குடுத்திரு."

"ஏன்க்கா, பாய் நல்லவன்லா."

"நல்லவன்தான்டா. அதான் முடியாது. அவன் பொண்டாட்டி அந்தப் பக்கம் வர்றப்பலாம் நான் சிரிக்கணும். புள்ளைங்க வந்தா சிரிக்கணும். சாகுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே கிடக்கணுமா? கவர்மெண்டு குடுத்தா யாரு மூஞ்சியப் பாத்தும் சிரிக்க வேணாம்."

அரசாங்கம் ஏன் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இவ்வளவு சுருக்கமான காரணத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மறுநாள் பாயிடம் சாவியோடு இதையும் சேர்த்துக் கொடுத்தேன். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். பிறகு, "அக்கா சிரிச்சு நான் பாத்ததே இல்லையேப்பா" என்றான்.

விண்ணப்பம் போட்டோம். வீட்டுக்கு ஓர் அதிகாரி நேரில் வந்து நிலைமையைப் பார்ப்பார் என்றார்கள். அந்தச் செய்தியைச் சொன்னபோது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். அதற்குப் பதில், நல்ல சட்டையை இஸ்திரி போட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டாள். படுத்தபடியே கைகாட்ட, நான் மின்விசிறி துடைத்தேன், தீபாவளித் திரைச்சீலையை எடுத்து மாட்டினேன். மூலையில் அடுக்கியிருந்த மருந்துப் பெட்டிகள், கட்டுத்துணி, இரவு நேரத்துக்கான கழிவுச் சட்டி எல்லாவற்றையும் என் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னாள். அசிங்கமாக இருக்கிறதாம். நோய் வாசனையே இருக்கக்கூடாது என்று சாம்பிராணி போட்டோம். மாற்றுவீடு கேட்கிற நோயாளியின் வீட்டிலிருந்து நோயாளியை அப்புறப்படுத்தும் வேலையை அண்ணன் தங்கை போல ஒற்றுமையாகச் செய்துமுடித்தோம் என்று எழுத ஆசை. ஆனால் நாங்கள் அக்காவும் தம்பியும்.

அன்று காலை அவள் சேலை கட்டினாள். நைட்டியில் ஆஸ்பத்திரிக்கே போய் வந்தவள். கொசுவம் மடிக்க நான் குனிந்து உதவினேன். திருநீறு, பவுடர், காதில் தோடு. லிஃப்ட்டும் அன்று ஓடியது. யாரோ அதைத் துடைத்துக்கூட வைத்திருந்தார்கள். அதற்கும் விருந்தாளி வருவது தெரிந்திருக்கிறது.

வந்தவர் இளைஞர், மலாய்க்காரர். செருப்பை வாசலில் கழற்றி, வலது கையை நெஞ்சில் வைத்து வணங்கினார். அக்கா எழுந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. கைத்தடியைத் தொடவில்லை. புண் ஆறாத காலை ஊன்றி எழுந்து, "வாங்க, மாரி, மாரி, டுடோக்" என்று தமிழையும் மலாயையும் சேர்த்து வரவேற்று உட்காரவைத்தாள். நான் அவரிடம் லிஃப்ட்டைப் பற்றி மலாயில் ஒரு ஜோக் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது; அடுத்தது, அதற்கடுத்தது. கல்யாண மண்டபத்தில்கூட எனக்கு அப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை. வெற்றி நிச்சயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது சமையலறைத் திரை விலகியது. அக்கா தட்டோடு வந்தாள். தட்டில் தேநீர், முறுக்கு, வாழைப்பழம். கோப்பை ஆடவில்லை.

அவர் பாதி எழுந்து, "தா பாயா, ஆன்ட்டி, தா பாயா" என்றார். வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்று. சிரமம் ஒன்றும் இல்லை என்று அக்கா மலாயில் பதில் சொன்னாள். அதையும் அவர் கேட்டார்.

தேநீரைக் குடித்து, முறுக்கைப் பாராட்டி, டாக்டர் கடிதத்தைப் படித்து, காலைப் பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டிவிட்டு உடனே மூடிக்கொண்டாள். அவர் புறப்பட்டபோது லிஃப்ட்வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பினாள். போய்ட்டு வாங்க என்று கையாட்டினாள். திரும்பும்போதுதான் என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியில் முழு எடையும் இருந்தது. வீட்டுக்குள் வந்து பார்த்தால் கட்டுத்துணி சிவப்பாக நனைந்திருந்தது. பிறகு இரத்தம் கழுவப் போவதைத் தவிர அவள் பல நாட்கள் படுக்கையைவிட்டு எழவில்லை. "நல்ல புள்ள" என்றாள், அதிகாரியைப் பற்றி. "கப்புல மிச்சம் வைக்கல பாரு."

பதில் வந்தது. விண்ணப்பதாரர் நடக்கக்கூடியவர்; காத்திருப்போர் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்.

அலுவலகத்துக்குப் போனேன். கத்த வேண்டும் என்று காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அந்த இளைஞர் என்னை அடையாளம் கண்டு கவுன்டருக்கு வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தவரிடம் கத்துவது கஷ்டம். என் அக்காவால் நடக்க முடியாது என்றேன். எனக்குத் தெரியும் அங்கிள் என்றார். தன் அம்மாவும் அப்படித்தான், காய்ச்சலில் கிடந்தாலும் ஆள் வந்தால் எழுந்து அடுப்புப் பற்றவைப்பாள் என்றார். "ஆனால் நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். அவர் நடந்ததைப் பார்த்தேன். கீழ்வீடு கேட்டு முன்னால் நிற்பவர்களில் உட்காரவே முடியாதவர்கள் இருக்கிறார்கள்." பிறகு குரலைத் தாழ்த்தி, மறுபடி விண்ணப்பியுங்கள், நானே வருகிறேன் என்றார்.

அவர் சொன்னதில் எனக்குக் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. காருக்குத் திரும்பி, கைபேசியில் வந்த முதல் சவாரியை எடுத்தேன். பயணியைக் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இறக்கிவிட்டு, பாலத்தில் திரும்பி வந்தேன். பாலத்தில் நெரிசல். வானொலியில் பாட்டு ஓடியது. எந்தப் பாட்டு என்று கவனிக்கவில்லை.

லிஃப்ட் மறுபடியும் படுத்தது. இன்னொரு முறை தவறியது. மறுபடி முகம் ஊதியது, ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. அதே டாக்டர் என்னைப் பார்த்ததும் கேட்டது, "இன்னும் மேலதான் இருக்கீங்களா?" இரண்டாவது விண்ணப்பத்துக்கு அவரே கடுமையாக ஒரு கடிதம் எழுதினார்.

இந்த முறை ஒத்திகை வைத்தேன். நான்தான் அதிகாரி. வெளியே போய்க் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்து உள்ளே வருவேன். அக்கா படுத்திருக்க வேண்டும். வந்தது நான் என்று தெரிந்தும், கதவு திறந்ததும் அவள் முழங்கை ஊன்றி எழ ஆரம்பித்துவிடுவாள். "அக்கா, படு." படுப்பாள். மறுபடி வெளியே போவேன். மறுபடி முழங்கை. வராந்தாவில் போன பக்கத்துவீட்டுப் பையன், அங்கிளுக்கு என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்:

"வீட்டுக்கு வந்தவனப் பாத்துப் படுத்துக்கிட்டே கிடன்னு சொல்ற. பொணமாடா நானு?"

"கொஞ்ச நேரம்தான்க்கா. அவன் போனதும் எந்திரிச்சுக்க."

அவர் வந்தார். திரைச்சீலை பழையது, நைட்டி பழையது, மருந்துப் பெட்டிகள் கூடத்திலேயே. நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆன்ட்டி, எப்படி இருக்கீங்க என்று கேட்டார். போர்வைக்கு அடியில் அவள் முழங்கை அசைந்ததைப் பார்த்தேன். அசைந்து, நின்றது. எழுந்து உட்கார முடியுமா என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"தா பொலே" என்றாள் அக்கா, சுவரிடம். முடியாது.

அவர் குறித்துக்கொண்டார். சீக்கிரமாகவே புறப்பட்டார். அவர் லிஃப்ட்டுக்குள் போன பிறகுதான் தண்ணி கலக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. உள்ளே வந்து, "போய்ட்டாருக்கா, எந்திரி" என்றேன். அக்கா அசையவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண் திறந்திருந்தது.

கீழ்வீடு கிடைத்தது. இருந்தவர் காலமாகி, பிள்ளைகள் காலிசெய்த வீடு. சாமான்களை இறக்க லிஃப்ட் ஒத்துழைத்தது. எங்களை அனுப்புவதில் அதற்கும் நிம்மதி போல. இப்போது கடல் தெரியவில்லை, குப்பைத் தொட்டி தெரிகிறது. வாசலிலேயே காரை நிறுத்தலாம். வந்த நாளிலிருந்து அக்கா ஒரு முறைகூட தவறவிடவில்லை. மூச்சு சீராக இருக்கிறது. டாக்டர் இரத்த முடிவுகளைப் பார்த்து முதல்முறையாக என் ஜோக்குக்குச் சிரித்தார். அரசாங்கம் கொடுத்தது, கொடுத்ததால் உயிரோடு இருக்கிறாள். பாயிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

ஆனால் அக்கா எழுந்திருப்பதில்லை. காருக்குக்கூட நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். பாய் ஒரு கூடை மாம்பழத்தோடு பார்க்க வந்தான். அவள் படுத்தபடியே தலையசைத்தாள். நான்தான் தேநீர் போட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "அக்காவுக்கு என்னப்பா ஆச்சு?" என்றான். அவனிடம் வாதாட என்னிடம் நிறைய இருந்தது. காலிக் கூடையை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

பாயின் கட்சிக்காரர்கள், நேரில் பார்க்காமல் கொடுத்தால் ஜனங்கள் ஏமாற்றுவார்கள் என்கிறார்கள். நேரில் பார்த்தார்கள், ஏமாற்றியும் விட்டோம். முதல் தடவை ஏமாற்றினோமா, இரண்டாவது தடவையா என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கால் புண் ஆறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அக்காவின் தொடையை அழுத்திப் பார்த்து, பலம் இருக்கிறது, தினமும் வீட்டுக்குள் நடக்கவையுங்கள், பழையபடி நடப்பார் என்றார். காரில் திரும்பும்போது கேட்டேன், ஏன்க்கா, நடக்க முடியும்னா ஏன் நடக்க மாட்டேங்குற?

அவள் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மேல மூணாவது மாடியில ஒரு மலாய்க்கார அம்மா, பக்கவாதமாம். கீழ்வீட்டுக்குக் காத்திருக்காங்க. அவங்க மகன் தினம் நம்ம வாசலாலதான் போறான். நான் நடக்குறதப் பாத்தான்னா என்ன நெனைப்பான்? போய்ச் சொன்னா? இந்த வீட்ட எடுத்துக்கிட்டாங்கன்னா நம்ம மறுபடி மேல போவோமா?"

எடுக்க மாட்டார்கள் என்றேன். எனக்கு அது தெரியாது. விசாரிக்கலாம், அந்த அலுவலகத்தில் எனக்கு ஆள் இருக்கிறார். போய், என் அக்கா நடந்தால் வீடு போய்விடுமா என்று கேட்கலாம். கேட்டால், நடக்கிறாரா என்று அவர் கேட்பார். அதனால் போகவில்லை.

நேற்று மத்தியானம் கதவைத் தாழிட்டேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். கட்டில் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்தாள். கால் இரண்டையும் தரையில் வைத்தாள். அந்நேரம் வராந்தாவில் யாரோ நடந்துபோனார்கள். திரைச்சீலையில் நிழல் விழுந்து நகர்ந்தது. யார் என்று தெரியவில்லை. நிழல் போன பிறகும் நாங்கள் அப்படியே இருந்தோம். பிறகு அவள் கையை விட்டுவிட்டு, காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள்.

"டிவி சத்தத்தக் கொறைடா" என்றாள். குறைத்தேன்.